நானூற்று ஒன்பதாவது பெயர்

பெல் பேயூ, லூசியானா
பிப்ரவரி 6

அன்பு மகள் டெல்ஃபினுக்கு,

முதலில் என் கையெழுத்துக்காக மன்னித்துவிடு. வரிகள் மேடும் பள்ளமுமாகப் போகின்றன. இரண்டு இடத்தில் பேனா தாளைக் கிழித்துவிட்டது. நூலகத்தின் எழுத்தறிவு வகுப்பில் திபோடோ டீச்சர், "எஸெல் ஐயா, பேனாவைக் கோடாலி மாதிரி பிடிக்காதீங்க, அது எங்கயும் ஓடிப்போகாது" என்கிறார். நாற்பது வருஷம் மரம் அறுக்கும் ஆலையில் கிடந்த கை இது. மெல்லப் பிடிக்க அதற்கு இன்னும் வரவில்லை. இந்த ஒரு பக்கத்துக்கு ஒரு முழுக் காலை போய்விடும். ஆனால் யாரும் பக்கத்தில் உட்கார்ந்து எழுதித் தரவில்லை. ஒவ்வொரு சொல்லும் என் சொல்.

நீ நலமா? கொலம்பஸில் பனி முழங்கால் உயரம் என்று தொலைக்காட்சியில் பார்த்தேன். தலைக்குக் குல்லாய் போட்டுக்கொள். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. ரத்த அழுத்தம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. வலது முட்டி மட்டும் குளிருக்கு முனகுகிறது, அது பழைய கதைதான்.

வகுப்பில் பதினொரு பேர். எழுபத்தாறு வயதில் நான்தான் மூத்தவன். சத்தமாக வாசிக்கச் சொன்னால் முதலில் கை தூக்குகிறவனும் நான்தான். போன வாரம் மளிகைக் கடையில் சோளமாவுப் பொட்டலத்தின் பின்பக்கத்தை முழுதாக வாசித்து முடித்தேன். பின்னால் நின்ற பெண், "பெரியவரே, வாங்கப் போறீங்களா, படிக்கப் போறீங்களா?" என்றாள். "ரெண்டும்தாம்மா" என்றேன்.

உன் அம்மாவின் தகரப் பெட்டியைத் திறந்தேன். 1969இல் ஃபுட்பால் அணி என்னைத் தேர்ந்தெடுத்ததாக வந்த தந்தி அதில் இருந்தது. அன்றைக்கு உன் அம்மா ஒடெஸாதான் தபால் ஆபீஸ் வாசலில் நின்று எனக்கு வாசித்துக் காட்டினாள். இப்போது நானே வாசித்தேன். அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

ரூஃபஸின் முடிதிருத்தும் கடையில் ஒரு பேச்சு. நீ வேலை பார்க்கும் அணி இந்த வருஷம் வீரர் தேர்வின் கடைசிச் சுற்றுகளைக் கொடுத்துவிட்டு, வேறு அணிகளில் ஆடித் தேறிய ஆட்களை வாங்கப்போகிறதாம். அந்த யோசனை உன் மேசையிலிருந்துதான் கிளம்பியதாம். உண்மையா?

உன் அப்பா
எஸெல் புரூயிட்


கொலம்பஸ், ஓஹையோ
பிப்ரவரி 19

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் பிரித்தேன், கதவைச் சாத்திக்கொண்டு நான்கு முறை வாசித்தேன். பேனா கிழித்த இடங்களைக்கூட விரலால் தடவிப் பார்த்தேன். நான் நலம். குல்லாய் போட்டுக்கொள்கிறேன். நீங்கள் மாத்திரையை மறக்காதீர்கள், முட்டிக்குச் சூடான ஒத்தடம் கொடுங்கள்.

ரூஃபஸ் மாமா கேள்விப்பட்டது உண்மைதான். வெளி வீரர்களை எடைபோடும் பிரிவுக்கு நான் தலைவியான முதல் வருஷம் இது. ஏப்ரல் கடைசியில் எல்லா அணிகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கல்லூரிப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும்போது, ஏழு சுற்று போகும். முதல் மூன்றில் வருபவர்கள் ஆடுவார்கள். ஆறாம், ஏழாம் சுற்றில் வருபவர்களைப் பத்து வருஷக் கணக்கில் எண்ணிப் பார்த்தேன். நூறு பேரில் பன்னிரண்டு பேர்தான் மூன்றாம் வருஷத்தில் களத்தில் நிற்கிறார்கள். அதே சுற்றுகளைக் கொடுத்து வாங்கிய தேறிய ஆட்களில் பாதிப் பேர் உடனே ஆடுகிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் அதிகம், சீக்கிரம் தேய்ந்தும் போவார்கள். ஆனாலும் பாதி எங்கே, பன்னிரண்டு எங்கே? கடைசிச் சுற்றுகள் வெறும் காகிதம், அப்பா. காகிதத்தைக் கொடுத்து ஆளை வாங்கலாம் என்கிறேன்.

பொது மேலாளர் ஹாலரன் முகம் சுளிக்கிறார். "ஏம்மா, அந்தக் கடைசிச் சுற்றுலதான் எனக்குத் தங்கம் கிடைச்சிருக்கு" என்று, இருபது வருஷத்துக்கு முன்னால் கிடைத்த ஒரே ஒரு பையனின் பெயரைச் சொல்கிறார். மற்றவர்கள் பெயர் அவருக்கு நினைவில்லை.

அடுத்த கடிதத்தையும் நீங்களே எழுதுங்கள். எவ்வளவு நாளானாலும் காத்திருப்பேன்.

உங்கள்
டெல்ஃபின்


பெல் பேயூ
மார்ச் 1

என் மகளுக்கு,

நலமா? இங்கே செர்ரி மரம் பூத்துவிட்டது. உன் கடிதத்தை ஒரே மூச்சில் வாசித்தேன். மூன்று சொல்லுக்குத்தான் டீச்சரிடம் போனேன்.

கடையில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். "வெறும் காகிதம்" என்ற இடம் வந்ததும் ரூஃபஸ் கத்தியைக் கீழே வைத்துவிட்டான்.

"டேய் எஸெல், உன் பொண்ணு உன்னத்தான்டா சொல்லுது!"

"என்னைய எதுக்குடா சொல்லுது?"

"நீ எத்தனாவது சுத்து?"

"பதினாறாவது."

"மொத்தம்?"

"பதினேழு."

"அப்போ நீ காகிதம்கூட இல்ல. காகிதத்தச் சுத்தி வந்த நூலு."

கடை முழுதும் சிரித்தது. நானும் சிரித்தேன். என் பெயர் நானூற்று ஒன்பதாவதாக வந்தது, மகளே. எனக்குப் பின்னாலும் முப்பத்து மூன்று பேர் இருந்தார்கள். அந்த முப்பத்து மூன்று பேரும் எங்கோ ஒரு ஊரில் இன்றைக்கும் தங்கள் எண்ணைச் சொல்லிக்கொண்டுதான் இருப்பார்கள். பயிற்சி முகாமுக்குப் போய்ப் பதினொரு நாள் ஆடினேன். முட்டி போகாமல் இருந்திருந்தால் என்னவாகியிருப்பேனோ, யார் கண்டது.

ரூஃபஸ் இன்னொன்றும் கேட்டான். அது நல்ல கேள்வி. "நல்லா ஓடுற வண்டிய எவன்டா மலிவா விப்பான்?" உன் கணக்கில் அதற்குப் பதில் இருக்கிறதா? விற்கிற அணி ஏன் விற்கிறது என்று தெரியாமல் வாங்கினால், நீயும் கண்ணை மூடிக்கொண்டு பைக்குள் கை விடுகிறாய். ஹாலரன் பையன்கள் பக்கம் விடுகிறார், நீ பெரியவர்கள் பக்கம் விடுகிறாய். அவ்வளவுதான் வித்தியாசம்.

கோபம் இல்லை. வேளைக்குச் சாப்பிடு.

காகிதமான உன் அப்பா
எஸெல்


கொலம்பஸ்
மார்ச் 9

அன்புள்ள அப்பா,

உங்கள் கடைசி வரியைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்கு வேலை ஓடவில்லை. யாருக்கு எழுதுகிறோம் என்று யோசிக்காமல் எழுதிவிட்டேன். மன்னியுங்கள்.

ரூஃபஸ் மாமாவின் கேள்வி சரியான கேள்வி. அதையே உங்களிடம் கேட்கிறேன். டைரல் பிக்கெட் என்று ஒரு கார்ட். நீங்கள் ஆடிய அதே இடம், பந்து எறிபவனுக்கு முன்னால் குனிந்து நின்று வருகிறவனை மோதித் தடுக்கிற இடம். இருபத்தொன்பது வயது, எருது பலம். ஆறாம் சுற்றையும் ஏழாம் சுற்றையும் கொடுத்தால் போதும், தருகிறோம் என்கிறார்கள். இப்படிப்பட்டவன் இவ்வளவு மலிவாகக் கிடைக்கக் கூடாது.

நான்கு வருஷத்தில் மூன்று அணி மாறியிருக்கிறான். விசாரித்த இடமெல்லாம் ஒரே பதில்: "நல்ல பையன்தான், ஆனா சோம்பேறி. ஆட்டமுறையெல்லாம் எழுதியிருக்குற ஆட்டப் புத்தகத்தத் தொறக்கவே மாட்டான்." புது ஆட்டமுறை கொடுத்தால் தப்பான பக்கம் போகிறான். ஹாலரன் சொல்லிவிட்டார்: "வேணும்னா வாங்கு. அவன் சொதப்பினா அந்த நாற்காலில அடுத்த வருஷம் வேற ஆள் உக்காருவான்." அந்த அறையில் நான் ஒருத்திதான் பெண். விளையாட்டாகச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பார்க்கிறீர்கள். பிக்கெட்டைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கார்டின் கண்ணுக்கு அவன் எப்படித் தெரிகிறான்? ஏப்ரல் 12க்குள் நான் பதில் சொல்ல வேண்டும்.

அன்புடன்
டெல்ஃபின்


பெல் பேயூ
மார்ச் 18

மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல். இங்கே நல்ல மழை. பேயூ ஓடையில் தண்ணீர் ஏறி, கெளுத்தி மீன் கரைக்கே வருகிறது. சனிக்கிழமை நானும் ரூஃபஸும் ஒன்பது பிடித்தோம். பெரியது என் முழங்கை நீளம். அவன் தன் முழங்கை நீளம் என்கிறான், அவன் கை குட்டை. சோளமாவில் புரட்டிப் பொரித்து தேவாலயத்தில் எல்லோருக்கும் கொடுத்தோம். சகோதரி யூலாலியின் உருளைக்கிழங்கு சாலட் வழக்கம்போல உப்பு. வாய் திறந்து யாரும் சொல்லவில்லை. டீச்சர் எனக்கு இரண்டாம் புத்தகம் கொடுத்துவிட்டார். முதல் புத்தகத்தின் முதுகு நைந்து நூல் தெரிகிறது.

பிக்கெட்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும். பதினொரு நாள் ஆடியவன் நான். நீ படித்தவள், உன் கணக்கே சரியாக இருக்கும்.

அப்பா


கொலம்பஸ்
மார்ச் 27

அப்பா,

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிட்டேன், நீங்கள் எடுக்கவில்லை. ரூஃபஸ் மாமாவைக் கூப்பிட்டேன். "உங்கப்பனுக்கு ஒண்ணும் இல்லம்மா. பழைய ஆட்டத்தைப் போட்டுப்போட்டு ஒரே ஆளையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான். கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குறான்" என்றார்.

கெளுத்தி மீனைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தீர்கள். கேட்ட கேள்விக்கு மூன்று வரி. எதையோ பார்த்திருக்கிறீர்கள். சொல்ல வேண்டாம் என்றால் சொல்ல வேண்டாம். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் உலகத்தில் எனக்குக் கேட்க வேறு ஆள் இல்லை.

டெல்ஃபின்


பெல் பேயூ
ஏப்ரல் 5

டெல்ஃபின்,

பதில் எழுத இத்தனை நாள் ஆனது எழுத வராததால் அல்ல.

பிக்கெட் குனிந்து கையைத் தரையில் ஊன்றிய பிறகு, அவன் தலை ஒரு விரற்கடை இடப்பக்கம் திரும்பும். பக்கத்தில் இருப்பவனின் பாதத்தைப் பார்க்கிறான். அந்தப் பாதத்தில் எடை எந்தப் பக்கம் சாய்கிறதோ, அந்தப் பக்கம்தான் ஆட்டம் என்று தெரிந்துகொண்டு கிளம்புகிறான். அதற்கு அரை நொடி ஆகிறது. பக்கத்து ஆள் ஏமாற்றி நின்றால் இவன் தப்பான பக்கம் போகிறான். ஆனால் அதே ஆட்டமுறையை இரண்டு மூன்று தடவை காலால் செய்துவிட்டால், பிறகு தலை திரும்பாது. பிறகு அவனை நகர்த்த டிராக்டர் வேண்டும். நீ பழைய ஆட்டங்களைப் போட்டு, அவன் தவறுகள் எந்த நேரத்தில் வருகின்றன என்று எண்ணிப் பார்.

அவனுக்குப் படிக்க வராது, மகளே. வந்தாலும் மிகக் கொஞ்சம். அவன் சோம்பேறி இல்லை. படிக்க வராதவன் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு விழிப்பாக இருக்க வேண்டும், அதை மறைக்க இன்னொரு மடங்கு. சோம்பேறியால் அது முடியாது.

எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்கும் முன்பே சொல்கிறேன். நானும் பாதத்தைத்தான் பார்த்தேன்.

கல்லூரியில் என் தாள்களை யாரோ எழுதினார்கள். நான் ஆடினால் போதும் என்று இருந்தார்கள். முகாமில் அப்படி இல்லை. இவ்வளவு பெரிய ஆட்டப் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். பதினொரு நாள் பாதங்களைப் பார்த்தே ஓட்டினேன். நன்றாகவும் ஆடினேன். அதை யாரிடமும் பெருமையாகச் சொல்ல முடியாமல் போனது, ஆனால் நன்றாக ஆடினேன். பதினோராம் நாள் மாலை, நாளைக் காலை எழுத்துப் பரீட்சை என்றார்கள்.

முகாம் வழக்கம் உனக்குத் தெரியும். ஒருவனை வீட்டுக்கு அனுப்புவதென்றால், விடியற்காலையில் ஒரு ஆள் வந்து கதவைத் தட்டுவான். "கோச் கூப்பிடுறார். புத்தகத்தையும் எடுத்துட்டு வா" என்பான். அந்தப் புத்தகம் என்ற சொல்லுக்குத்தான் எல்லோரும் நடுங்குவோம். என் கதவை யாரும் தட்டவில்லை. நானே புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

"உன்ன யாரு கூப்பிட்டது?" என்றார் கோச்.

"யாரும் இல்ல சார். முட்டி போச்சு."

புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். அதன் முதுகு ஒரு இடத்தில்கூட மடங்கியிருக்கவில்லை. கடையில் வைத்திருப்பது போல இருந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

"நேத்து ரெண்டு பேர ஒரே நேரத்துல தூக்கிப் போட்டியே, அந்த முட்டியா?"

"ஆமா சார்."

"சரி" என்றார். புத்தகத்தை அலமாரியில் வைத்தார்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வலது முட்டியா, இடது முட்டியா என்று முடிவு செய்தேன். ஐம்பத்தைந்து வருஷம் நொண்டிப் பழகி, இப்போது நிஜமாகவே வலிக்கிறது. உன் அம்மா ஒருத்திக்குத்தான் தெரியும். உன்னிடம் படிக்கத் தெரியாததை மறைத்ததைவிட இதை மறைத்தது எனக்குப் பெரிய பாரமாக இருந்தது. நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது பள்ளியில் "எங்கப்பா முட்டி மட்டும் போகலன்னா" என்று சொல்வாயே, அதைக் கேட்டுக்கொண்டு நிற்பேன்.

அந்தத் தந்தி. ஒடெஸா வாசித்தபோது அதில் "உங்களைத் தேர்ந்தெடுத்ததில் பெருமை கொள்கிறோம்" என்று இருந்தது. நானே வாசித்தபோது பெருமை என்ற சொல்லைக் காணோம். பதினாறாம் சுற்றில் எடுத்திருக்கிறோம், ஜூலை 10 வந்து சேரவும், சொந்த ஷூ கொண்டு வரவும். அவ்வளவுதான். மூன்று முறை விரல் வைத்துத் தேடினேன். உன் அம்மா தானாகச் சேர்த்து வாசித்திருக்கிறாள்.

பிக்கெட்டை வாங்கு. விற்கிறவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிகிறது என்பதால் சொல்கிறேன். ஆனால் அவனிடம் இதைக் கேட்காதே. யாரிடமும் சொல்லாதே. என்னிடம் அன்று யாராவது கேட்டிருந்தால் இன்னும் சீக்கிரம் ஓடியிருப்பேன். புது ஆட்டமுறை எதுவானாலும், எல்லோரையும் புல்லில் நடந்து பழக வை. எல்லோரும் நடந்தால் அவன் மட்டும் தனியாகத் தெரியமாட்டான்.

கை வலிக்கிறது.

அப்பா


கொலம்பஸ்
ஏப்ரல் 29

என் அப்பாவுக்கு,

மூன்று வாரம் எழுதாமல் இருந்துவிட்டேன். உங்கள் கடிதத்துக்குச் சொல்லால் பதில் எழுதினால் போதாது என்று தோன்றியது. நலமாக இருக்கிறீர்களா? இரு முட்டிகளும் நலமா?

அன்றே பழைய ஆட்டங்களைப் போட்டேன். பிக்கெட்டின் தவறுகள் முப்பத்தொன்று. அதில் இருபத்தேழு, ஆட்டத்தின் முதல் கால் பகுதியில். அரை நேர இடைவேளைக்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. நான்கு வருஷமாக எல்லோர் கண்முன்னாலும் கிடந்த கணக்கு, யாரும் எண்ணவில்லை. நானும் எண்ணவில்லை.

ஹாலரனிடம் கொண்டுபோய் வைத்தேன்.

"இது உனக்கு எப்படித் தோணுச்சு?"

"எனக்குத் தெரிஞ்ச ஒரு பழைய கார்ட் சொன்னார் சார். இந்த ஆளுக்குக் காகிதத்துல குடுக்கக் கூடாது, கால்ல குடுக்கணும்னார்."

"எத்தனை வருஷம் ஆடினவர்?"

"பதினொரு நாள்."

அவர் சிரித்தார். பிறகு அந்த எண்களை மறுபடி பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது. ஆறையும் ஏழையும் கொடுத்து பிக்கெட்டை வாங்கிவிட்டோம்.

தேர்வு நாளன்று எங்கள் ஏழாம் சுற்று வந்தபோது, அந்த இடத்தில் வேறு அணி ஒரு பையனின் பெயரைச் சொன்னது. முன்பெல்லாம் அந்த நேரத்தில் காபி குடிக்கப் போய்விடுவேன். இந்த முறை உட்கார்ந்து அவன் பெயரை என் நோட்டில் எழுதிக்கொண்டேன். அவனும் தன் எண்ணை ஆயுள் முழுதும் சொல்லிக்கொண்டிருப்பான். என் கணக்கை மாற்றவில்லை, அப்பா. கடைசிச் சுற்றைக் கொடுத்து ஆளை வாங்கலாம் என்றுதான் இப்போதும் சொல்வேன். காகிதம் என்று சொல்லமாட்டேன்.

உங்கள்
டெல்ஃபின்


பெல் பேயூ
மே 14

மகளுக்கு,

நலம். உன் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். முப்பத்தொன்றில் இருபத்தேழு! கடையில் சொல்ல வாய் துடிக்கிறது, சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பையன் கதை வெளியே வரும். ரூஃபஸ், "என்னடா தனியா சிரிக்கிற, பொண்ணு கிண்ணு பாத்திருக்கியா?" என்கிறான்.

முட்டியைப் பற்றி நீ ஒரு வரிதான் எழுதினாய். அது போதும்.

இரண்டாம் புத்தகத்தில் பாதி தாண்டிவிட்டேன்.

அப்பா


கொலம்பஸ்
ஆகஸ்ட் 21

அன்புள்ள அப்பா,

வெயிலில் வெளியே அலையாதீர்கள். நான் நலம், தூக்கம்தான் குறைவு. முகாம் நடக்கிறது.

பிக்கெட்டை எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. தினமும் காலையில் மொத்தத் தடுப்பு வரிசையும் புல்லில் நடந்து பழகுகிறது. அந்த வரிசையின் கோச் பியூக்லர் முதலில் முணுமுணுத்தார், இப்போது அது தன் யோசனை என்று சொல்லிக்கொள்கிறார். ஆனால் திங்கட்கிழமை அவர் யாரையும் கேட்காமல், புதன்கிழமை எழுத்துப் பரீட்சை என்று பலகையில் ஒட்டிவிட்டார். எனக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் என் அறைக் கதவு தட்டப்பட்டது. பிக்கெட் நிற்கிறார். கதவு நிலையே நிறைந்துவிட்டது. கையில் ஆட்டப் புத்தகம்.

"மேடம், தோள்பட்டை போயிடுச்சு. நான் கிளம்புறேன்."

அப்பா, உங்கள் கடிதம் இல்லாவிட்டால் டாக்டரைக் கூப்பிட்டிருப்பேன். நான் தோளைப் பார்க்கவில்லை. புத்தகத்தின் முதுகைப் பார்த்தேன். ஒரு மடிப்பு இல்லை.

"புத்தகத்த யாரு கொண்டுவரச் சொன்னா?"

"யாரும் சொல்லல, மேடம்."

"கேக்காம கொண்டுவந்தா நான் வாங்குறதில்ல. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை, புத்தகத்தை என் மேசையில் வைத்தார். நான் பியூக்லரிடம் ஓடினேன், நிஜமாகவே ஓடினேன். பரீட்சை மைதானத்தில் நடக்க வேண்டும் என்றேன். அவர் குதித்தார். "இருபத்தஞ்சு வருஷமா பேப்பர்லதான் வைக்கிறேன். நீ யாரு மாத்துறதுக்கு?" "ஆட்டத்துல பேனாவா வச்சிருக்கப் போறாங்க, கோச்? நடந்து காட்டட்டும். ஒருத்தர் தப்பு பண்ணினாலும் நானே ராஜினாமா எழுதித் தரேன்" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

புதன்கிழமை காலை ஒவ்வொருவராக நடந்தார்கள். நாற்பது ஆட்டமுறை. கோச் பெயரைச் சொல்வார், அவர்கள் எங்கே போக வேண்டுமோ அங்கே போய் நிற்க வேண்டும். பிக்கெட்டின் முறை வந்தபோது பக்கத்தில் யாரும் இல்லை, பார்க்கப் பாதமும் இல்லை. நாற்பதுக்கு நாற்பது, அப்பா. மொத்த வரிசையில் அவர் ஒருவர்தான். மற்ற எட்டுப் பேரும் ஒன்றிரண்டில் தவறினார்கள். பியூக்லர் என் ராஜினாமாவைக் கேட்கவில்லை. பிக்கெட்டின் தலைக்கவசத்தில் ஓங்கித் தட்டிவிட்டு, "எருமை, ஒண்ணாவது தப்பு பண்ணியிருக்கக் கூடாதாடா? என் சொந்தப் பரீட்சையில எனக்கே முப்பத்தெட்டுதான் வரும்" என்றார்.

மாலையில் பிக்கெட் வந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனார். "தோள் எப்படி இருக்கு?" என்றேன். "எந்தத் தோள், மேடம்?" என்றார்.

உங்களை அன்று நடக்கவிட்டிருந்தால் எத்தனை எடுத்திருப்பீர்கள்?

டெல்ஃபின்


கொலம்பஸ்
நவம்பர் 12
(அணியின் சின்னம் அச்சிட்ட கடிதத் தாளில்)

திரு. எஸெல் புரூயிட் அவர்களுக்கு,

1969, பதினாறாம் சுற்று, நானூற்று ஒன்பதாவது பெயரான உங்களை, டிசம்பர் 8 அன்று எங்கள் மைதானத்தில் நடைபெறும் ஆட்டத்துக்கு அணியின் விருந்தினராகத் தேர்ந்தெடுத்ததில் பெருமை கொள்கிறோம். முந்தைய நாளே வந்து சேரவும். சொந்த ஷூ கொண்டு வரவும். புத்தகம் கொண்டு வர வேண்டாம்.

டெல்ஃபின் புரூயிட்
அணிக்காக

அப்பா, அடியில் கையால் எழுதுகிறேன். ஹாலரன் அடுத்த இரண்டு வருஷத்துக்கும் என் நாற்காலியை உறுதி செய்துவிட்டார். பத்து ஆட்டம் முடிந்தது, பிக்கெட் பத்திலும் ஆடினார். என் அப்பா எழுபத்தைந்து வயதில் படிக்கத் தொடங்கினார் என்று ஒருநாள் பேச்சோடு பேச்சாக அவரிடம் சொன்னேன், உங்களைப் பற்றி மட்டும். அவர் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு பயிற்சிக்குப் போய்விட்டார். நேற்று வந்து, "உங்கப்பாவுக்கு எத்தனை மாசம் ஆச்சு, மேடம்?" என்றார்.


பெல் பேயூ
நவம்பர் 20

என் மகள் டெல்ஃபினுக்கு,

நலம், நலம், மிக நலம். 

தபால்காரன் கொடுத்த இடத்திலேயே நின்று பிரித்தேன். முதல் வரியிலிருந்து விரல் வைத்து வாசித்தேன். அந்தச் சொல் வந்த இடத்தில் விரல் நின்றுவிட்டது. யாரும் சேர்த்து வாசிக்கவில்லை, நானேதான் வாசித்தேன். இருந்தது. இன்னொரு முறை பார்த்தேன். அப்போதும் இருந்தது. உன் அம்மாவின் பெட்டியில் தந்திக்கு மேல் வைத்துவிட்டேன். ஐம்பத்தைந்து வருஷம் முன்கூட்டியே வாசித்துவிட்டாள், அவ்வளவுதான்.

கடைக்குக் கொண்டுபோய் எழுந்து நின்று வாசித்தேன். பிறகு என் முட்டியின் உண்மையையும் சொல்லிவிட்டேன். பையனைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை, என்னைப் பற்றி மட்டும்.  ரூஃபஸ் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"அப்போ முட்டிக்கு ஒண்ணும் இல்ல?"

"இல்லடா."

"ஐம்பத்தஞ்சு வருஷமா உனக்கு அந்த மெத்த நாற்காலிய விட்டுக்குடுத்திருக்கேனேடா, பாவி!"

எழுப்பிவிட்டான். இப்போது நான் மரப் பெஞ்சில்தான் உட்காருகிறேன். ஆனால் நான் கிளம்பும்போது அவன் கதவு வரை வந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தடவ வாசி" என்றான்.

நாற்பதில் எத்தனை என்று கேட்டாய். ஆகஸ்டிலிருந்து அதைத்தான் யோசிக்கிறேன். கொல்லைப்புறத்தில் நடந்தும் பார்த்தேன். எனக்கு இன்னும் நினைவிருக்கிறது, மகளே. முப்பத்தொன்பது. ஒன்று மறந்துவிட்டது.

ஷூவுக்கு மெருகு போட்டாகிவிட்டது. புத்தகம் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். இருந்தாலும் ஒன்று கொண்டு வருவேன். டீச்சர் கொடுத்த முதல் புத்தகம். முதுகு நைந்து, நூல் தெரிந்து, மேசையில் வைத்தால் தானாக விரிந்துகொள்கிறது. யாரும் கேட்காமல் நான் கொண்டுபோய்க் கொடுக்கும் இரண்டாவது புத்தகம் அது. அந்தப் பையனிடம் எதுவும் சொல்லாதே. முதல் புத்தகத்துக்குப் பதினான்கு மாதம் ஆனது என்று மட்டும் சொல். மற்றதை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

பஸ் எத்தனை மணிக்கு என்று பலகையில் நானே வாசித்து வைத்துக்கொண்டு, அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை வகுப்பு முடிந்ததும் உனக்கு எழுதுகிறேன்.

உன் அப்பா
எஸெல் புரூயிட்
409